சுற்றுப் பாதையால் ஏற்றிப்போன நானாவுக்கு

தங்கச்சியும் பிள்ளையும் நேற்றுப் பின்னேரம் வீடு வந்து சேர்ந்துவிட்டார்கள். இரண்டு பேரும் சுகம். வயிற்றில் பிள்ளையோடு ஹெரோயின் பழக்கத்திலிருந்து மீளத் தங்கச்சி பட்ட பாடெல்லாம் திருகோணமலையில் எங்களை அறிந்தவர்களுக்குத் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல எனக்கு இப்போது தெம்பில்லை. அவளுடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர்கள் மட்டும் வேண்டாம் என்றாள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். வாசலில் நின்று விசாரிக்காமல் உள்ளே வந்து, அவளோடு பாயில் இருந்து பிரஷர் பார்த்த மிட்வைஃப் மிஸ். யாரிடம் வாய் திறப்பது என்று தெரியாமல் தேசிய மனநல நிறுவகத்தின் உதவித் தொலைபேசி இலக்கமான 1926க்கு எடுத்தபோது, நான் அழுது முடியும்வரை பொறுத்திருந்த அந்தக் குரல். மனநல வைத்தியர், பிள்ளைப்பேற்று வைத்தியர், இரவு வேலைத் தாதிமார். பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வைத்து, நேரம் தவறாமல் சோறும் சொதியும் கட்டி அனுப்பிய பக்கத்து வீட்டு மாமி. உங்கள் எல்லோரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆனால் ஒருவரைப் பற்றித் தனியாக எழுதாவிட்டால் எனக்கு நித்திரை வராது.

கிளினிக் நாட்களில் எங்களை ஏற்றிப்போனவர், எங்கள் ஒழுங்கை முனையில் ஓட்டோ விடுகிற நானா. முதல் நாளே நேர் வீதியால் போகாமல் உட்துறைமுக வீதிப் பக்கமாகத் திருப்பினார். ஏன் சுற்றிப் போகிறீர்கள் என்று கேட்டேன். "அந்த றோட்டு முழுக்கக் குழி தங்கச்சி. புள்ளத்தாச்சி குலுங்கக் கூடா" என்றார். நானும் விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு எப்போதும் அதே பாதைதான், மழை கொட்டிய நாளிலும். காசு மட்டும் நேர் வழிக்கு உரியதைத்தான் வாங்கினார். பெற்றோல் விற்கிற விலையில் அது லேசான காரியமா?

தங்கச்சி வாட்டில் இருந்தபோது ஒருநாள் நான் தனியாக பஸ்ஸில் அந்த நேர் வீதியால் போனேன். காபெட் போட்ட றோட்டு. ஒரு குழிகூட இல்லை. நடுவில் வருகிற சந்தியில், வழக்கமாக நிற்கிற பொடியன்கள் நின்றார்கள். தங்கச்சிக்கு ஹெரோயின் தூள் கிடைத்த இடம் அதுதான். எனக்கு அப்போதுதான் விளங்கியது. சீட்டில் இருந்தபடியே அழுதேன்.

பழைய இடத்தையும் பழைய முகத்தையும் கண்டாலே ஆசை கிளம்பும், விட்டுப் பல கிழமை போன பிறகும் கிளம்பும், அதை மனஉறுதி இல்லாத குணம் என்று எண்ணவேண்டாம் என்று வைத்தியர் எங்களுக்குச் சொல்லியிருந்தார். நானாவுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஊர் முழுக்க ஓட்டோ ஓட்டுகிறவருக்கு எந்தச் சந்தியில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருக்காது. என் தங்கச்சி யாரென்றும் தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டே, அவளுடைய முகம் வாடாத ஒரு காரணத்தைத் தேடிச் சொன்னார். அவள் மனம் நோகாமல் கிளினிக் வாசலில் இறங்கினாள். இறங்கினபடியால்தான் உள்ளே போனாள்.

"பிள்ளைக்காக ஒரே நாளில் விட்டிருக்கலாமே" என்று சிலர் இன்றைக்கும் சொல்கிறார்கள். ஹெரோயினுக்குப் பழகிய உடம்பில், கர்ப்பகாலத்தில் அதைத் தன்பாட்டில் திடீரென நிறுத்துவது தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்தாகலாம். வைத்தியரின் கண்காணிப்பு வேண்டும். பிறந்த பிறகும் எங்கள் பிள்ளைக்குக் கை கால் நடுக்கமும், கீச்சென்ற அடங்காத அழுகையும் வந்தன. வெளிச்சத்தைக் குறைத்து, துணியால் சுற்றி, தாயின் நெஞ்சோடு வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பால் கொடுக்கச் சொன்னார்கள். தாயையும் பிள்ளையையும் பிரிக்கவில்லை. அதற்காகவும் அந்த வாட்டுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டலில் ஒரு விஷயம் வாசித்தேன். மது, போதைப் பாவனை பற்றி எல்லாக் கர்ப்பிணிகளிடமும், ஒவ்வொரு முறை வரும்போதும் கேட்கவேண்டும் என்கிறது. எனக்கு அது மிகவும் பிடித்தது. எல்லோரிடமும் கேட்டால் ஒருத்தி மட்டும் தலைகுனிய வேண்டியதில்லை. வரிசையில் இருந்தவர்கள் பார்த்த பார்வை தாங்காமல் தங்கச்சி பாதியில் எழுந்துவிடப் பார்த்ததை நான் பக்கத்தில் இருந்து கண்டவள்.

அதனால் ஒன்று சொல்லிவைக்கிறேன். டவுனிலோ, கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பக்கமோ, இதே நிலையில் ஒரு பெண் கிளினிக் போகப் பயந்து வீட்டில் இருந்தால், உங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ்ஸிடம் மனம் விட்டுச் சொல்லுங்கள். கூடவர ஆள் இல்லையென்றால் நான் வருவேன். வரிசையில் பக்கத்தில் இருப்பேன், கிளினிக் கொப்பியை நான் பிடித்துக்கொள்வேன். கோணேசர் மேல் சத்தியம்.

நானா, இரண்டாம் மாதத் தடுப்பூசிக்குப் பிள்ளையைக் கொண்டுபோக வேண்டும். அந்தச் சந்தியைத் தாண்டிப் போகத் தன்னால் இன்னும் முடியாது என்று தங்கச்சி தானாகவே சொல்கிறாள். உட்துறைமுக வீதியாலேயே எடுங்கள். கூடின தூரத்துக்கான காசை இந்த முறை நீங்கள் வாங்கத்தான் வேண்டும்.