புரியாத நாவலும் மோசமான நாவலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழில் வெளியான வாசகர் கடிதம் ஒன்று, இலக்கண நூலான நன்னூல் ஒரு நூலுக்குக் கூறும் பத்துக் குற்றங்களுள் 'மயங்க வைத்தல்' (பொருள் தெளிவின்றிக் குழம்ப வைத்தல்) என்பதை எடுத்துக்காட்டி, சோதனை முயற்சி என்ற பெயரில் வரும் நாவல்கள் அனைத்தும் மோசமான நூல்களே என்று தீர்ப்பளித்திருந்தது. அக்கடிதத்தின் எரிச்சலில் எனக்கும் பங்கு உண்டு. தீர்ப்பைத்தான் ஏற்க இயலவில்லை.

நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் அந்த ஒரு குற்றத்தோடு நிறுத்தவில்லை. கூறியது கூறல், வெற்றெனத் தொடுத்தல் (பொருளின்றிச் சொல் அடுக்குதல்), சென்று தேய்ந்து இறுதல் (போகப்போக நயம் குறைந்து முடிதல்) ஆகியவையும் அதே சூத்திரத்தில் வருகின்றன. ஒரே மூச்சில் படித்து முடிக்கத்தக்க நாவல்கள் எத்தனையோ இம்மூன்றிலும் அகப்படும். நூலின் பத்து அழகுகளைச் சொல்லும்போது 'விளங்க வைத்தல்' என்றவர், 'ஆழமுடைத்தாதல்' என்பதையும் விடவில்லை. (இரண்டும் ஒருங்கே வாய்ப்பது அரிது என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?)

அவ்வழகுகளுள் 'உலகம் மலையாமை' என்றும் ஒன்று உண்டு. உலக வழக்கோடு மாறுபடாமை என்பது அதன் பொருள். ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றில் பல ஆண்டுகள் கணக்கெழுதியவன் என்ற முறையில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். அம்மலையைக் களமாகக் கொண்ட தொடர்கதை ஒன்றில், கதாநாயகி சித்திரை மாதத்தில் கூடை கூடையாகக் காப்பிப் பழம் பறித்தாள். கோடை மழைக்குச் செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்து மணக்கும் பருவம் அது. பழம் பறிப்புக்கு வருவது கார்த்திகை, மார்கழியில். அக்கதையில் விளங்காத சொல் ஒன்றுகூட இல்லை. ஆயினும் எழுதியவர் செடியையும் பார்க்கவில்லை, பறிக்கிற பெண்ணின் கையையும் பார்க்கவில்லை. மோசமான நூல் என்று நான் சொல்வது அதைத்தான்.

கடினமான நாவலின் வழக்கு வேறு. 1981-இல் வெளிவந்த சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' நாவலைச் சேலத்தில் நாங்கள் நண்பர்கள் சிலர் சேர்ந்து படித்தோம். ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் ஒருவர், முதல் வாக்கியத்திலேயே நாயகன் இறந்துவிட்ட பிறகு கதைக்கு எங்கே போவது என்று கேட்டுப் புத்தகத்தை மூடிவிட்டார். ஏற்காட்டுச் சாலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றுகிறவர்கள் சாலை போட்டவரைத் திட்டுவதில்லையே என்றேன். "வளைவு ஏறினால் ஏற்காடு வருகிறது ஐயா, இதில் ஏறினால் என்ன வருகிறது?" என்றார் அவர். எனக்கு வந்தது, தமிழ் வாசகனாக என் ரசனையையே எள்ளி நகைக்கும் ஒரு குரல். அது கேட்காதவருக்குக் கேட்கவைக்க என்னால் முடியவில்லை.

1922-இல் ஜேம்ஸ் ஜாய்ஸின் கடினமான ஆங்கில நாவல் 'யுலிசிஸ்' வந்தபோதும் இதுவே நடந்தது. கவிஞர் டி. எஸ். எலியட் அதைப் போற்றினார். தாமும் நேர்க்கோட்டில் கதை சொல்ல மறுத்த நாவலாசிரியர் வர்ஜீனியா வுல்ஃபோ தம் நாட்குறிப்பில் சலிப்போடு எழுதிவைத்தார்.

வெறுமையை மறைக்க விளங்காமையைப் போர்த்திக்கொள்ளும் நாவல்களும் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஒரு பக்கத்தை மறுமுறை படிக்கும்போது முதல் முறை கிடைக்காதது ஏதேனும் கிடைக்கிறதா என்று பார்த்த பிறகே நான் அவற்றைக் கைவிடுவேன். கடிதம் எழுதிய அன்பர் 'என்னால் படிக்க முடியவில்லை' என்று எழுதியிருந்தால் எனக்கு மறுப்பில்லை. நகுலனின் 'நினைவுப்பாதை'யை நானும் இருமுறை பாதியில் நிறுத்தியிருக்கிறேன். அதை மோசமான நாவல் என்று எங்கும் சொன்னதில்லை, சிறந்த நாவல் என்றும் சொன்னதில்லை.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்