வலப்பக்கமாகச் சாப்பிட்டாய்

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். நல்லூர்க் கொடி ஏறிவிட்டது, வீதியெல்லாம் கச்சான் கடை. பெரியம்மாவின் கால் வீக்கம் வற்றிவிட்டது. மற்றதெல்லாம் போனில் சொன்னதுதான்.

இரவில் பல் தீட்டுகிறாயா? நாற்பது வயதுப் பிள்ளையிடம் இப்படியும் கேட்பதா என்று மருமகள் சிரிப்பா, சிரிக்கட்டும். காலையில் யாரும் மறப்பதில்லை. இரவுதான் முக்கியம், நித்திரையில் எச்சில் சுரப்பது குறைந்துவிடும். தீட்டினால் நுரையைத் துப்பு, தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதே. பசையில் இருக்கிற புளோரைட் பல்லில் கிடந்தால்தான் பலன். போன மாதம் பெரியாஸ்பத்திரியில் பல் காட்டப் போனபோதுதான் எனக்கே இது தெரியும்.

நைட் ஷிப்டில் ஒரு கோப்பியை மூன்று மணித்தியாலம் வைத்துக் குடிக்கிறேன் என்றாயே, அதை விடு. சீனி போட்டதை ஒரேயடியாகக் குடித்து முடிப்பது வேறு. உறிஞ்சிக்கொண்டே இருந்தால் பல் அரிபட்டுக்கொண்டே இருக்கும்.

அக்காவின் கலியாணம், இந்த வீட்டுக் கூரை, எல்லாம் நீ தனியாக நின்று பார்த்தாய். எனக்குப் பெருமைதான். ஆனால் உன் வாய்க்கென்று செலவழிக்க உனக்கு மனம் வராது. அங்கே வைத்தியத்துக்கு அரசாங்கம் தருகிற ஹெல்த் கார்ட் பல்லுக்குச் செல்லாது என்று எனக்கும் தெரியும். இந்த மாதம் எனக்குக் காசு அனுப்ப வேண்டாம்.

போன ஞாயிறு வீடியோவில் புட்டு சாப்பிட்டாய். வலப்பக்கமாகச் சாப்பிட்டாய். அந்தப் பக்கம் கீழ்க் கடைவாயில் ஒரு கொடுப்புப் பல் இல்லை, எட்டு வயதிலிருந்து நீ இடப்பக்கமாகத்தான் சப்புவாய். கேட்க எனக்கு வாய் வரவில்லை. இரவில் பனடோல் போடுகிறாய், இப்ப பல் நோ நின்றுவிட்டதாம் என்று மருமகள் சொன்னா. நோ நின்றால் சுகம் என்று நினைக்காதே. உள்ளே நரம்பு செத்தாலும் நோ நிற்கும், பிறகு வேரடியில் சீழ் கட்டும்.

பல் டொக்டரிடம் ஏன் போகமாட்டாய் என்றும் எனக்குத் தெரியும். 1992இல், கரண்ட் இல்லாத காலம், கச்சான் வாங்கித் தருகிறேன் என்று சைக்கிளில் ஏற்றிப் பல் பிடுங்கக் கூட்டிப்போனேன். வாசலில் மருந்து மணந்ததும் உனக்கு விளங்கிவிட்டது. என் சேலைத் தலைப்பைப் பிடித்த உன் கையை விரல் விரலாக நான்தான் கழற்றினேன். ஊசி சரியாக விறைக்கவில்லை. நீ கத்தக் கத்த இரண்டு கையையும் அமத்திப் பிடித்தேன்.

உனக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. அதைப் பாற்பல் என்றுதான் நினைத்தேன். விழுந்தால் புதுசு முளைக்கும் என்று, சூத்தையில் கராம்பு வைத்து வைத்து ஆறு மாதம் கடத்தினேன். ஆறு வயதில் பாற்பற்களுக்குப் பின்னால், ஒரு பல்லும் விழாமலே, நிலையான கொடுப்புப் பல் முளைத்துவிடுமாம். பிடுங்கின பிறகுதான் சொன்னார்கள். நீ கண்ணாடிக்கு முன் வாயைத் திறந்து, புதுப்பல் எப்ப வரும் அம்மா என்று கேட்டுக்கொண்டிருந்தாய். நான் பேசாமல் இருந்தேன்.

இப்ப அப்படி இல்லை, தம்பி. எனக்கு முதலில் பல் முரசில் மரக்கிற மருந்து பூசிவிட்டு, ஆறுதலாக ஊசி போட்டா. நொந்தால் கையைத் தூக்குங்கோ அம்மா, நிறுத்துவேன் என்றா அந்த டொக்டர்ப் பிள்ளை. ஒருக்கால் தூக்கினேன், நிறுத்தினா. நீயும் போனவுடன் பயமாக இருக்கிறது என்று சொல்லு, அவர்களுக்கு அது புதிதில்லை.

சின்னவனுக்கும் ஆறு முடிந்துவிட்டது. வாயைத் திறக்கச் சொல்லிக் கடைசிப் பல்லைப் பார். அவனைக் கூட்டிப்போகும்போது எங்கே போகிறோம் என்று முதலே சொல்லிவிடு.

உனக்கு எந்த நாள் கிடைத்தது என்று மருமகள் மூலம் சொல்லி அனுப்பாமல் நீயே எனக்குச் சொல்லு. இரவில் தீட்டு.

அம்மா