சாமி ஏரிக்கரையில் கூடாரம் வேண்டாம்

தேன்கனிக்கோட்டை,
கார்த்திகை 9.

அன்பு நண்பனுக்கு,

சந்திரதால் பயணத்தைப் பற்றி நீ எழுதிய கடிதம் போன வாரம் வந்தது. இமாச்சலப் பிரதேசத்து ஸ்பிதி மலைகளுக்கு நடுவே, ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரத்தில் பிறை வடிவில் கிடக்கும் அந்த ஏரி, காலையில் ஒரு நிறமாகவும் உச்சிப் பொழுதில் வேறொரு நிறமாகவும் தெரிந்ததை நீ விவரித்திருந்த பக்கத்தை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அங்கே மூச்சு வாங்கியது என்றாயே, இப்போது உடம்பு தேறிவிட்டதா?

பொங்கல் விடுமுறையில் பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருகிறேன் என்றும், அய்யூர் சாமி ஏரிக்கரையில் இரண்டு இரவுகள் கூடாரம் போட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். அவசியம் வா. ஆனால் இரவில் அந்தக் கரையில் தங்க வேண்டாம் என்று உன்னைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஐப்பசி பிறந்தால் பெங்களூருக்குப் பக்கத்துப் பன்னார்கட்டாக் காட்டிலிருந்து யானைகள் ஜவளகிரி, தளி வழியாக இந்தப் பக்கம் வரத் தொடங்கும் என்பது உனக்குத் தெரியும். ராகி கதிர் முற்றும் காலம் அது. மாசி வரை அவை இங்கேயேதான் சுற்றும். வளர்ந்த யானை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். பகலெல்லாம் புதருக்குள் ஒதுங்கியிருந்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகுதான் அவை ஏரியில் இறங்குகின்றன. அந்த நேரத்தில் கரையில் நெருப்பும் பேச்சும் இருந்தால், குட்டியோடு வரும் கூட்டம் தண்ணீர் குடிக்காமலே திரும்பிவிடும். திரும்பும் வழியில் அது நுழைவது யாரோ ஒருவரின் ராகிக் கொல்லையாகத்தான் இருக்கும். டார்ச்சும் பட்டாசும் வைத்துக்கொண்டு பரணில் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கும் குடியானவனுக்கு நாம் அந்தத் துன்பத்தைக் கொடுக்கலாமா?

கல்லூரி நாட்களில் நாமும் அதையேதான் செய்தோம். சைக்கிளில் ஜமக்காளம் கட்டிக்கொண்டு போய், கரையில் விறகு அடுக்கி விடிய விடியப் பாடிக்கொண்டிருந்தோம். காலையில் மதகுக்குப் பக்கத்தில், ஈரமண்ணில் பெரிய தடங்களும் அவற்றின் நடுவே சின்னத் தடங்களும் வந்து நின்று, நீரைத் தொடாமல் அப்படியே திரும்பிப் போயிருந்ததைப் பார்த்தோமே, உனக்கு நினைவிருக்கிறதா? அன்று அது நமக்கு ஒரு வேடிக்கையாக இருந்தது. இந்த வயதில் அதை நினைக்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது.

தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்துக் காடுகளில் 500 சதுர கிலோமீட்டருக்கு மேல் 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் சட்டத்தை முன்னிட்டு மட்டும் இதை நான் சொல்லவில்லை. ராம்சர் என்ற உலக ஒப்பந்தப் பட்டியலில் இடம்பெற்ற ஈரநிலமான சந்திரதாலில் கரையோரம் கூடாரம் போட விடுவதில்லை என்பதையும், தள்ளி இருந்த முகாமிலிருந்து நடந்துபோய் ஏரியைப் பார்த்ததையும் நீயே மகிழ்ச்சியாக எழுதியிருந்தாய். அவ்வளவு தொலைவில் இருக்கும் ஏரிக்குக் கொடுத்த மரியாதையை நம் ஊர் ஏரிக்கும் கொடுப்போம்.

பிள்ளைகளின் ஆசைக்கு எங்கள் மொட்டைமாடி இருக்கிறது. பள்ளத்தில் இருக்கும் ஏரிக்கரையில் இரவுக் குளிர்காற்று இறங்கித் தேங்கி நிற்கும், கூடாரத் துணியின் உட்புறமெல்லாம் நீர் கோத்துக்கொள்ளும். மாடியில் அந்தத் தொல்லை குறைவு. ஆனாலும் தை மாதப் பனி இங்கே கடுமை என்பதால், கம்பளியும் காதுக்குல்லாயும் மறக்காமல் எடுத்து வா. ராகிக் களியும் கீரைக் கடைசலும் மாடிக்கே வரும். விடிந்ததும் வெயில் ஏறவிட்டு அய்யூருக்குப் போய், பகலில் ஏரியைப் பார்த்துவிட்டு, நான்கு மணிக்கெல்லாம் கிளம்பிவிடலாம். இந்த வருட மழையில் ஏரி நிரம்பிக் கோடி வழிந்ததாகக் கேள்வி. போனால் தளும்பத் தளும்பப் பார்க்கலாம்.

உள்ளே செல்ல முன்கூட்டியே வனத்துறையிடம் கேட்க வேண்டும். ஆகவே நீ வரும் தேதியையும், எத்தனை பேர் என்பதையும் உடனே எழுது.

உன் அன்பு நண்பன்