மயானப் பாதை கோரி மீண்டும் ஒரு மனு

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்

அனுப்புநர்: ஏரிக்கரை ஆதிதிராவிடர் குடியிருப்பு மக்கள்

பொருள்: வண்டிப்பாதைப் புறம்போக்கில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்றி, மயானத்துக்குப் பாதை அமைத்துத் தர வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: குறைதீர்க்கும் நாளில் கொடுத்த எங்கள் முந்தைய மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் இடம் தாங்கள் அறிந்ததுதான். ஏரி நிரம்பியபோது மதகைப் பார்வையிடத் தாங்கள் வந்து நின்ற கரையிலிருந்து பார்த்தாலே எங்கள் மயானம் தெரியும். இடையில் வயல், வயலுக்கு நடுவே வாய்க்கால். பாதை இல்லை.

1. மயானத்துக்குப் போகும் இடம் கிராமப் புலப்படத்தில் வண்டிப்பாதைப் புறம்போக்கு. இன்று அதில் நெல் விளைகிறது.

2. இதற்காக எங்கள் பெண்கள் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள். கூலியை விட்டுவிட்டு வாருங்கள், கிராம சபைக்கு 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தில் அதிகாரம் இருக்கிறது என்று சொல்லித்தான் சென்ற அக்டோபர் 2 அன்று எல்லோரையும் அழைத்துப் போனோம். தீர்மானம் நிறைவேறியது, பதிவேட்டில் ஏறியது. "தீர்மானம் என்ன ஆச்சு?" என்று அவர்கள் கேட்கும்போது சொல்ல எங்களிடம் பதில் இல்லை.

3. அதற்குப் பின் வந்த ஐப்பசி மழையில் ஒரு பாட்டி இறந்தார். வரப்பில் ஒருவர் கால் வைக்கத்தான் இடம். பாடை தூக்கியவர்கள் முழங்கால் சேற்றில் நடந்தார்கள். வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீர். உடல் சரியாமல் இருக்க வேட்டியால் பாடையோடு இறுக்கிக் கட்டி, தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இறங்கினோம். ஒருவருக்குக் கால் வழுக்கியதில் பாடை சாய்ந்து பாட்டியின் பாதங்கள் தண்ணீரில் முங்கின. கொள்ளிச்சட்டி அணைந்துவிட்டது. பேரன் அக்கரை ஏறி, நடுங்கும் கையோடு மறுபடி பற்றவைத்தான். மறுநாள் பால் தெளிப்பதற்கு முன்பே, பயிரை மிதித்ததற்கு நஷ்டஈடு கேட்டு ஆள் வந்துவிட்டது ஐயா.

4. ஊர்த்தெரு வழியாகப் போகலாமே என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். போனால் "வழக்கம் இல்லை" என்று மறிக்கிறார்கள். பட்டியல் சாதியினரை வழியிலும் மயானத்திலும் தடுப்பது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தத்தில் குற்றமென்று எழுதியே இருக்கிறது. அதற்குத் தனியாகப் புகார் கொடுப்போம். தங்களிடம் கேட்பது பாதையை.

5. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் வழி கிடைக்காமல் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிச் சடலத்தை இறக்கியதை நாடே பார்த்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. அதற்குப் பிறகும் நாங்கள் மனு எழுதிக்கொண்டே இருக்க வேண்டுமா? வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டால் நில அளவர் வரவில்லை என்கிறார்கள். நில அளவரைக் கேட்டால் உத்தரவு வரவில்லை என்கிறார். யார்தான் உத்தரவு போடுவது? மழைக்காலத்தில் எங்கள் தெருவில் யாரும் சாகக் கூடாதா?

ஆகவே, நாள் குறித்து நில அளவரை அனுப்பி, 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்துப் பாதையை மீட்டு, வாய்க்காலின் குறுக்கே ஒரு சிறுபாலம் கட்டித் தர வேண்டுகிறோம். அளக்கும் அன்று நாங்கள் எல்லோரும் வேலைக்குப் போகாமல் அங்கே இருப்போம். பாதையை மீட்டுத் தாருங்கள் ஐயா. அடுத்த ஐப்பசிக்கு முன் மீட்டுத் தாருங்கள்.

இப்படிக்கு,
ஏரிக்கரைக் குடியிருப்பு மக்கள்
(கையெழுத்துகளும் கைநாட்டுகளும் பின்பக்கத்தில்)