செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–2025

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நகைக்கடை நடத்தும் அங்கத்தவர்களே, வணக்கம்.

நிர்வாக சபை ஒழுங்காகக் கூடியது. பொங்கல் விழாவும் கோடைகால ஒன்றுகூடலும் வழமைபோல் நடந்தன. கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். இந்த ஆண்டு நம் நேரத்தைப் பெரிதும் எடுத்துக்கொண்டது அலாரம் விவகாரம். அதை விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன்.

2018 செப்டம்பர் 10 முதல், களவு அலாரம் அடித்தது என்பதற்காக மட்டும் ரொறன்ரோ பொலிஸார் வருவதில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட சென்சர்கள் இயங்கியிருக்க வேண்டும். அல்லது ஒலிப்பதிவோ காணொளியோ நேரில் கண்டவரோ உறுதிப்படுத்த வேண்டும். கொள்ளையின்போது நாம் அழுத்தும் அவசரப் பொத்தானுக்கு இந்த நிபந்தனை இல்லை. ஆகவே நள்ளிரவில் நம் கடைக்குப் பொலிஸ் வருவதும் வராததும், நம் அலாரத்தின் சமிக்ஞையைப் பெறும் எங்கோ ஒரு கண்காணிப்பு நிலையத்தில் திரைமுன் இருப்பவர் செய்யும் வேலையைப் பொறுத்தது. அந்த நிலையம் எப்படிப்பட்டது என்று நம்மில் பலர் விசாரித்ததே இல்லை.

விசாரிக்க வழி உண்டு. கனடாவில் களவு அலாரங்களைப் பெறும் நிலையங்களுக்கு யூ.எல்.சி. என்ற பாதுகாப்புச் சோதனை நிறுவனத்தின் எஸ்301, தீ அலாரங்களைப் பெறுபவற்றுக்கு எஸ்561 ஆகிய தரநிலைகள் உள்ளன, அமெரிக்காவில் யூ.எல். 827. கட்டடத்தின் பாதுகாப்பு, மின்சாரம் போனால் மாற்று ஏற்பாடு, ஒரு கருவி பழுதானால் பொறுப்பேற்க இன்னொன்று, இரவு பகலாகப் பணியில் ஆட்கள், வந்த ஒவ்வொரு சமிக்ஞைக்கும் பதிவு என்று அவை கேட்பவை பல. நிலையம் தானே சொல்லிக்கொண்டால் போதாது. வெளியிலிருந்து தணிக்கையாளர் வந்து பார்க்கிறார். 1920இல் தொடங்கப்பட்ட யூ.எல்.சி.யின் அலுவலகம் நம் ஸ்காபரோவிலேயே, அண்டர்ரைட்டர்ஸ் ரோட்டில் இருக்கிறது என்பது பலருக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

அங்கத்தவர்களை மிகவும் குழப்பியது ஸ்டிக்கர்தான். அலாரம் பெட்டியில் யூ.எல்.சி. முத்திரை இருந்தால் அந்தப் பெட்டி சோதிக்கப்பட்டது, அவ்வளவே. சமிக்ஞையைப் பெறும் நிலையம் யூ.எல்.சி. அங்கீகரித்த நிலையங்களின் பட்டியலில் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. உங்கள் கடை முகவரிக்கென்று, காலாவதித் தேதியோடு சான்றிதழ் வழங்கப்பட்டிருக்கிறதா என்பது மூன்றாவது. நகைகளுக்குக் காப்புறுதி தரும் நிறுவனங்கள் பல சமயம் கேட்பது இந்த மூன்றாவதைத்தான். நாம் எழுதிக் கேட்டபோது ஓர் அலாரம் நிறுவனம் பெட்டியின் விளம்பரத் தாளை அனுப்பிவைத்தது. மாதந்தோறும் பணம் கட்டுபவர்களுக்கு அது பதில் ஆகாது என்று மீண்டும் எழுதினோம், இன்னும் காத்திருக்கிறோம்.

தொடர்பு வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 ஜூலை 8 அன்று நாட்டின் பெரிய தொலைத்தொடர்புச் சேவை ஒன்று முடங்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். வங்கி அட்டையால் செலுத்தும் இன்டராக் கட்டணமும் பல இடங்களில் 911 அவசர அழைப்பும் தடைப்பட்டன. அந்த ஒரே வலையமைப்பை நம்பிய அலாரம் அன்று ஊமையாகத்தான் இருந்திருக்கும். இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் வழிகள் வேண்டும். வழி அறுந்ததும் நிலையத்துக்கு உடனே தெரிய, அது பெட்டியை இடைவிடாமல் விசாரித்துக்கொண்டிருக்க வேண்டும். செலவு கூடும். ஆனாலும் நம் பெட்டகங்களில் இருப்பது நம் சரக்கு மட்டுமல்ல. பழுதுபார்க்கத் தந்த தாலிக்கொடிகளும் அங்கேதான் இருக்கின்றன. அவற்றுக்கு விலை மட்டும் கொடுத்து ஈடுகட்ட முடியாது.

எனவே நிர்வாக சபை பின்வரும் தீர்மானத்தை முன்வைக்கிறது: ஒவ்வோர் அங்கத்தவரும் தம் கண்காணிப்பு நிலையத்தின் பட்டியல் விவரத்தையும் கடைச் சான்றிதழின் பிரதியையும் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும், அவசர அழைப்புப் பட்டியலில் உள்ள தொலைபேசி எண்களையும் அதே கடிதத்தில் புதுப்பிக்க வேண்டும். கடித மாதிரி வாசலில் உள்ள மேசையில் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதத் தயங்குபவர்களுக்கு இளைய அங்கத்தவர்கள் இன்றே உதவுவார்கள்.

அறிக்கையையும் தீர்மானத்தையும் சபை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்