பயோடேட்டாவுக்கு முன் ஒப்பந்தம்: சிறிய ஆட்சேர்ப்பு நிறுவனங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். கோவை, ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரங்களில் ஓர் அறை, இரண்டு மடிக்கணினிகள், வேலைவாய்ப்புத் தளமொன்றின் ஆண்டுச் சந்தா ஆகியவற்றையே முதலாகக் கொண்டு கன்சல்டன்சி நடத்திவரும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். நான் உங்கள் தொழிலில் இருப்பவன் அல்லன். உங்களிடம் ஆள் கேட்கும் பொறியியல் நிறுவனமொன்றின் மனிதவளத் துறையில் பணியாற்றுபவன். ஆகவே, உங்கள் பில் எந்த மேசையில், என்ன காரணத்துக்காக நிற்கிறது என்பதை அருகிலிருந்து பார்க்கிறேன். திறமையுள்ள பலர் சில ஆண்டுகளிலேயே தொழிலை மூடிவிட்டு மாதச் சம்பளத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். அவர்களுக்கு ஆள் தேடத் தெரியாமல் இல்லை. ஆளைச் சேர்த்துவிட்ட பிறகும் பணம் கைக்கு வரவில்லை. அந்தப் பணம் வருமா, எப்போது வரும் என்பது பெரும்பாலும் முதல் பயோடேட்டாவை நீங்கள் அனுப்புவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

"அவசரம், இன்று மாலைக்குள் நான்கு பேரை அனுப்புங்கள், அக்ரிமென்ட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று எங்கள் தரப்பிலிருந்து ஒருவர் தொலைபேசியில் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே அவசரம்தான். ஆனால் உங்கள் பில்லை அனுமதிக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. அது இருப்பது கணக்குத் துறையிடம். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ஒப்பந்தம் இருக்கிறதா, வெண்டர் கோடு (பணம் பெறுபவராக உங்களை எங்கள் கணக்கில் பதிந்த எண்) போட்டாயிற்றா என்பதுதான். ஆள் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒப்பந்தம் பேசத் தொடங்கினால், உங்களிடம் பேரம் பேசுவதற்கு எதுவுமே மிஞ்சியிருக்காது. நிறுவனம் அனுப்பும் வரைவுக்காகக் காத்திருக்காமல், இரண்டு பக்கத்தில் உங்கள் வரைவை நீங்களே முந்தி அனுப்பிவிடுங்கள். பெரும்பாலும் ஓரிரு வரிகளை மட்டும் திருத்திக் கையெழுத்திட்டு அனுப்புவோம். எங்கள் வழக்கறிஞர் எழுதினால் அது பன்னிரண்டு பக்கமாக வரும். அதில் உங்களுக்குச் சாதகமான வரி ஒன்றுகூட இராது.

அந்த இரண்டு பக்கங்களில் மிகவும் கவனமாக எழுதவேண்டியது கட்டணத்தின் அடிப்படை. 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், என்பது நம் ஊர் வழக்கம். ஆனால் எதன் மீது 8.33? ஆஃபர் லெட்டரில் ஆண்டுக்கு 6 லட்சம் சி.டி.சி. (ஊழியருக்காக நிறுவனம் செலவிடும் மொத்தத் தொகை) என்று இருக்கும்; அதற்குள் செயல்திறன் ஊக்கத்தொகை, கிராஜுவிட்டி, காப்பீட்டுத் தவணை எல்லாம் அடங்கியிருக்கும். நீங்கள் 6 லட்சத்தின் மீது கணக்கிட்டு ஏறத்தாழ 50,000 ரூபாய்க்குப் பில் அனுப்புவீர்கள். கணக்குத் துறை நிலையான சம்பளமான 5 லட்சத்தை எடுத்துக்கொண்டு 41,650 ரூபாய் என்று திருத்தும். இரண்டில் எது சரி என்று ஒப்பந்தத்தில் எழுதியிராவிட்டால், அந்த 8,000 ரூபாய் வேறுபாட்டுக்காக முழுப் பில்லும் மாதக்கணக்கில் கிடப்பில் கிடக்கும். "ஆஃபர் லெட்டரில் குறிப்பிட்ட மொத்த ஆண்டு சி.டி.சி. மீது" என்றோ, "நிலையான ஆண்டுச் சம்பளத்தின் மீது" என்றோ ஒரு சொற்றொடர் எழுதினால் போதும். இரண்டாவதை ஏற்க நேர்ந்தால் சதவீதத்தைச் சற்று உயர்த்திக் கேளுங்கள்.

அடுத்தது ரீப்ளேஸ்மென்ட் நிபந்தனை. சேர்ந்தவர் 90 நாளுக்குள் விலகினால் இன்னொருவரைக் கட்டணமின்றித் தரவேண்டும் என்பது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் அது எந்த நிலையிலும் செல்லும் என்று விட்டுவிடுவது நியாயமல்ல. மாற்று ஆள் ஒருமுறை மட்டுமே, அதுவும் அதே பதவிக்கும் அதே சம்பளத்துக்கும் மட்டுமே; பில் உரிய நாளில் செலுத்தப்பட்டிருந்தால் மட்டுமே இந்த உரிமை உண்டு; நிறுவனமே ஆட்குறைப்புச் செய்தாலோ, சொன்ன ஊரை விட்டு வேறு ஊருக்கு மாற்றினாலோ, பேசிய சம்பளத்தைத் தராவிட்டாலோ இது பொருந்தாது; பணம் திருப்பித் தரப்படமாட்டாது. இவற்றை எழுதிக் கேட்டால் மறுக்கும் நிறுவனங்கள் குறைவு. குவாலிட்டி இன்ஜினியர் என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டு மூன்றாம் வாரத்திலேயே இரவு ஷிப்ட் உற்பத்திப் பிரிவுக்கு அனுப்பினால் அவர் விலகத்தான் செய்வார். அதற்கு நீங்கள் ஈடுகட்ட வேண்டியதில்லை. நீங்கள் அனுப்பிய ஒருவரை 12 மாதங்களுக்குள் வேறு எந்தப் பதவிக்கு எடுத்தாலும் கட்டணம் உண்டு என்ற வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி பில். ஆட்சேர்ப்புச் சேவைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், சேவை வழங்குவோர் ஆண்டு வருவாய் 20 லட்சத்தைத் தாண்டும்போது பதிவு கட்டாயம். பதிவு பெற்றவர்களுக்கு ஒரு செய்தி. உங்களில் பலர் காலாண்டுக்கு ஒருமுறை கணக்குத் தாக்கல் செய்யும் முறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். வேலை மிச்சம் என்பது உண்மை. ஆனால் நீங்கள் ஏப்ரலில் கொடுத்த பில், காலாண்டுத் தாக்கலுக்குப் பிறகு ஜூலையில்தான் எங்களுக்கு வந்த பில்களின் வரியைக் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்.-2பி அறிக்கையில் தெரியும். அதில் தெரியாத வரை எங்களால் வரி வரவை எடுக்க (உங்களுக்குத் தரும் ஜி.எஸ்.டி.யை நாங்கள் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ள) முடியாது என்பதால், பல நிறுவனங்கள் வரித் தொகையை மட்டுமல்ல, முழுப் பில்லையும் நிறுத்திவைக்கின்றன. காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்கும் அந்தந்தப் பில்களை மறுமாதம் 13ஆம் தேதிக்குள் பதிவேற்றும் ஐ.எஃப்.எஃப். என்னும் வசதி ஜி.எஸ்.டி. தளத்திலேயே இருக்கிறது. உங்கள் ஆடிட்டரிடம் சொல்லி அதைப் பயன்படுத்துங்கள். பில்லுடன் ஆஃபர் லெட்டர் நகலையும், ஜாயினிங் தேதியை உறுதிசெய்து எங்கள் துறையிலிருந்து வந்த மின்னஞ்சலையும் இணைத்துவிட்டால், கணக்குத் துறை அவற்றைக் கேட்டு எங்களுக்கு எழுத, நாங்கள் உங்களுக்கு எழுத என்று இரண்டு வாரம் வீணாகாது. டி.டி.எஸ்., அதாவது பில் தொகையிலிருந்தே பிடிக்கும் வருமான வரி, சிலர் 10 சதவீதமும் சிலர் ஒப்பந்தப் பணிக்கான குறைந்த விகிதத்திலும் பிடிக்கிறார்கள், எதுவானாலும் வருமான வரித் தளத்தில் உங்கள் வரிக் கணக்கில் வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உதயம் பதிவைச் செய்யாத கன்சல்டன்சிகளை இன்றும் பார்க்கிறேன் என்பதுதான் எனக்கு வியப்பு. கட்டணம் கிடையாது, உங்கள் அளவிலான நிறுவனங்கள் ஏறத்தாழ அனைத்தும் குறு நிறுவனம் என்ற வகைக்குள் வரும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் பணம் தரும் கெடு 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தின் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டியாக. ஆகவே 60 நாள், 90 நாள் என்று எங்கள் படிவத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து மலைக்க வேண்டாம். "விண்ணப்பதாரர் பணியில் சேரும் நாளே சேவை நிறைவுற்ற நாள்" என்று எழுதிக்கொண்டால், ரீப்ளேஸ்மென்ட் காலம் முடிந்த பிறகே கெடு தொடங்குகிறது என்று எவரும் வாதிட இடமிராது. பணம் தாமதமானால் அரசின் இணையதளத்தில் புகார் செய்யும் வழியும் இருக்கிறது. ஆனால் அந்த நிறுவனத்துடன் இனி வேலை வேண்டாம் என்று முடிவுசெய்த பிறகு போகவேண்டிய இடம் அது என்பது என் கருத்து. அதைவிடப் பயன்தருவது ஆண்டிறுதி. 2023ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய கெடுவுக்குள் தராத தொகையை, அது உண்மையில் செலுத்தப்பட்ட ஆண்டில்தான் செலவாகக் காட்டி வரிக் கழிவு பெறமுடியும். அதனால் மார்ச் மாதத்தில் எங்கள் ஆடிட்டர் கேட்கும் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கவேண்டும். உதயம் எண்ணைப் பில்லின் மேலேயே அச்சிடுங்கள். மார்ச் முதல் வாரத்தில் நிலுவைப் பட்டியல் ஒன்றைக் கணக்குத் துறைக்கு அனுப்புங்கள். வேலை எடுப்பதற்கு முன்பே பதிந்திருப்பது நல்லது. பில் நின்ற பிறகு பதிந்தால் வழக்குக்கு இடமாகும்.

விண்ணப்பதாரர் பக்கமும் சில சொல்லவேண்டும். ஒரே பயோடேட்டா இரண்டு கன்சல்டன்சிகளிடமிருந்து வரும்போது, எங்களுக்கு எது முதலில் வந்தது என்பதைவிட, விண்ணப்பதாரர் யாருக்குச் சம்மதம் கொடுத்தார் என்பதே முக்கியம். நிறுவனப் பெயரையும் பதவியையும் குறிப்பிட்டு அவரிடமிருந்து ஒரு வரி மின்னஞ்சல் வாங்கி அதையும் சேர்த்து அனுப்புங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வலியுறுத்துவதும் சம்மதத்தைத்தான். ஆதார், பான் நகல்களை நேர்முகத்துக்கு முன்பே வாங்கி மடிக்கணினியில் குவித்துவைப்பதை விட்டுவிடுங்கள். கைப்பேசி எண்ணை அழித்துவிட்டு உங்கள் லோகோவைப் பாதிப் பக்கத்துக்குப் போட்டு அனுப்புவதாலும் பயனில்லை; அதே நபரை நாங்களும் அதே வேலைவாய்ப்புத் தளத்தில் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவோம். உங்கள் உரிமையைக் காப்பது ஒப்பந்தம்தான்.

எங்களால் கண்டுபிடிக்க முடியாதது வேறு. ஃபவுண்டரியில் (வார்ப்பாலையில்) மெத்தடிங், அதாவது உலோகத்தை வார்க்கும் முறையை வடிவமைக்கும் வேலை, பார்க்கும் ஒருவர் வேண்டுமென்று நாங்கள் கேட்டால், சாண்ட் காஸ்டிங்கா, இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங்கா, வார்ப்பிரும்பா, ஸ்டீலா என்று உடனே திருப்பிக் கேட்கிறவர் எங்கள் பட்டியலில் முதலிடத்தில் இருக்கிறார். அவர் அனுப்புவது மூன்றே பயோடேட்டாக்கள். மூன்று பேரையும் அழைக்கிறோம். ஐ.டி., வங்கி, மருத்துவமனை, ஃபவுண்டரி என்று எல்லாவற்றுக்கும் ஆள் தருவதாகச் சொல்பவர் முப்பது அனுப்புகிறார். திறந்து பார்க்கவே நேரமில்லை. அதேபோல, ஆஃபருக்கும் ஜாயினிங்குக்கும் இடைப்பட்ட நோட்டீஸ் காலத்தை எங்கள் பொறுப்பு என்று விட்டுவிடாதீர்கள். ராஜினாமா கொடுத்த அன்று மாலையே விண்ணப்பதாரரிடம் பேசி, பழைய நிறுவனம் சம்பளத்தைக் கூட்டித் தருவதாகச் சொன்னதா என்று கேட்கிறவர்களுக்கு, கடைசி நாளில் ஆள் வராமல் போவது அரிதாகவே நேர்கிறது. ராஜினாமாவை ஏற்றுக்கொண்ட மின்னஞ்சலின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அது வரவில்லையென்றால் அன்றே எங்களுக்குச் சொல்லிவிடுங்கள். அதற்காக யாரும் உங்களைக் கோபிக்கமாட்டோம்.

வேலை தேடுபவரிடம் பணம் வாங்கும் கன்சல்டன்சியை நான் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவேன். அதில் விளக்கத்துக்கு இடமில்லை. வளைகுடா நிறுவனமொன்று வெல்டர்களும் பிட்டர்களும் வேண்டுமென்று உங்களை நேரடியாக அணுகினால் கூடுதல் கவனம் தேவை. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, குடிபெயர்வோர் தலைமைப் பாதுகாவலர் வழங்கும் பதிவுச் சான்றிதழ் இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பது இரண்டாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். சான்றிதழ் பெற்றவர்கள்கூடத் தொழிலாளியிடம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தவிர மேற்கொண்டு சேவைக் கட்டணம் பெறக்கூடாது. உள்நாட்டில் ஆள் தரும் அனுபவத்தை நம்பி அந்த வேலையில் இறங்காமல், வெளிநாட்டு வேலைவாய்ப்புக்கான அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவுள்ள முகவர் ஒருவரைப் பார்த்து அந்த நிறுவனத்தை அவரிடம் அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
கோவைப் பொறியியல் நிறுவனமொன்றின் மனிதவளத் துறையில் பணியாற்றும் ஒருவன்