நான்கரை மணி நேரத்தோடு முடிந்துவிடுவதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த பக்கவாதக் கட்டுரையில் வாய் கோணுவது, ஒரு பக்கக் கை தொங்கிப்போவது, பேச்சு குளறுவது என்று அறிகுறிகளைத் தெளிவாகச் சொன்னீர்கள். ஆனால் சிகிச்சை என்று வந்ததும், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி, அதற்கு நான்கரை மணி நேரக் கெடு என்பதோடு நிறுத்திவிட்டீர்கள். கெடு தாண்டினால் கைவிட வேண்டியதுதான் என்று படிப்பவர்கள் நினைத்துவிடுவார்கள். நாங்கள் அப்படித்தான் நினைத்தோம்.

என் அண்ணன் இரவு பத்து மணிக்கு நன்றாகப் பேசிவிட்டுத்தான் படுத்தார். காலை ஐந்தரைக்கு அண்ணி எழுப்பியபோது வலது கை, கால் அசையவில்லை, பேச்சும் இல்லை. பக்கத்து மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுத்துவிட்டு, எப்போது வந்தது என்று தெரியாததால் ஊசி போட முடியாது என்றார்கள். சரி, அதைக் குறை சொல்லவில்லை. மூளை ரத்தக்குழாய்களுக்கு ஆஞ்சியோ எடுத்துப் பாருங்கள், பெரிய குழாயில் அடைப்பென்றால் கட்டியை எடுக்கும் வசதியுள்ள இடத்துக்கு ஓடுங்கள் என்று ஒருவராவது சொல்லியிருக்கலாமே!

தொடை இடுக்குத் தமனி வழியாக மெல்லிய குழாயை மூளைவரை செலுத்தி, கம்பிவலை போன்ற ஸ்டென்டில் கட்டியைச் சிக்கவைத்து இழுக்கிறார்கள். அல்லது குழாயாலேயே உறிஞ்சி எடுக்கிறார்கள். ஸ்டென்ட் என்றதும் இதயத்தில் வைப்பதுபோல உள்ளேயே விட்டுவிடுவார்கள் என்று எண்ணியிருந்தேன். இது கட்டியோடு வெளியே வந்துவிடுமாம்.

பெரும்பாலும் பழைய கருவிகளை வைத்துச் செய்து 2013இல் வெளியான மூன்று ஆய்வுகள், இதனால் கூடுதல் பலனில்லை என்றன. 2015இல் வெளியான நெதர்லாந்தின் எம்.ஆர். கிளீன் ஆய்வு அதை மாற்றியது. 500 நோயாளிகளில், 90 நாள் கழித்துத் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலையில் இருந்தவர்கள் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 19 சதவீதம். கட்டியும் எடுக்கப்பட்டவர்களில் 33. அப்புறம் 2018இல் வந்த டான் ஆய்வு, 6 முதல் 24 மணி நேரம் கடந்தவர்களை ஸ்கேன் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. அண்ணனைப் போலத் தூக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களும் அதில் இருந்தார்கள். அங்கே கட்டி எடுத்தவர்களில் 49 சதவீதம், எடுக்காதவர்களில் 13 சதவீதம்.

எல்லாருக்கும் இது பொருந்தாது. அண்ணனுக்குப் பொருந்தியிருக்குமா என்றும் இனித் தெரியப்போவதில்லை. 24 மணி நேரம் இருக்கிறதே என்று சாவகாசமாகப் போகவும் கூடாது. பெரிய குழாய் அடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் அழிகின்றன என்பது கணக்கு.

இரவிலும் இதைச் செய்யும் மருத்துவமனைகளை, அரசு மருத்துவமனைகள் உட்பட, மாவட்டவாரியாக அடுத்த இதழில் வெளியிடுங்கள். கிளம்பும்போதே போன் செய்து கேட்க எண்களும் வேண்டும்.

ஒரு வாசகி,
கரூர்